மேசைக் கணினியும் ஒரு மஷூராவும்

கணினி வாங்குவதைப் பற்றி எழுதுவதற்கு இலக்கியத் திங்களிதழா கிடைத்தது என்று வாசக அன்பர்களுள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். கல்யாணச் செலவு, வீட்டுப் பழுது ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகக் குடும்பத்தார் கூடியமர்ந்து பேசித் தீர்க்கவேண்டிய செலவாக இன்று பல இல்லங்களில் கணினி ஆகிவிட்டது. அந்தப் பேச்சைக் கூர்ந்து கேட்பவர்க்குக் கணினியைப் பற்றிய செய்தி கொஞ்சமும் குடும்பத்தைப் பற்றிய செய்தி நிறையவும் கிடைக்கும்.

நம் இல்லத்து மேசைக் கணினி 2016ஆம் ஆண்டில் வாங்கியது. இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறைச் சில்லு கொண்டது. பிள்ளைகளின் படிப்புக்கென்று வந்த அது, பிள்ளைகள் படித்து முடித்து ஊரைவிட்டுப் போனபின் நம் இளைய தங்கையின் கைக்குப் போயிற்று. கணவரை இழந்து நம்மோடு வந்து தங்கிவிட்ட அவள், 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது கடைத்தெருவில் எழுந்த திகைப்பைப் பார்த்துக் கணக்கெழுதக் கற்றுக்கொண்டாள். இன்று ஒன்பது கடைகளின் கணக்கு வீட்டிலிருந்தபடியே அவள் கையில் நடக்கிறது. மாதந்தோறும் கணக்கைச் செலுத்தும் கடைக்கு விற்பனை விவரம் 11ஆம் தேதிக்குள் போய்ச் சேரவேண்டும். வரி அறிக்கை 20ஆம் தேதிக்குள் போகவேண்டும். வரி கட்டவேண்டிய கடை இந்த அறிக்கையில் பிந்தினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம். பணம் சிறிதுதான்; ஆனால், கணக்கெழுதுபவர் மீது கடைக்காரர் வைத்த நம்பிக்கை ஐம்பது ரூபாய்க்கு அடங்குவதன்று.

2021ஆம் ஆண்டிலும் இதே கேள்வி நம் வீட்டில் எழுந்தது. அப்போது உலகெங்கும் சில்லுப் பஞ்சம். விலைகள் ஏறிக்கிடந்தன. பழைய சுழல்வட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் வட்டு ஒன்றைப் பொருத்தினோம். கணினி திறக்கும் முன்னர் ஒரு குவளைத் தேநீர் குடித்து முடித்துவிடலாம் என்ற நிலை மாறி, தேநீரை எடுத்து உதட்டில் வைக்கும் முன்னரே திரை விரிந்தது. சில்லும் மதர்போர்டும் பழையனவே. அந்தச் சிறு செலவு நான்காண்டு ஆயுளைக் கூட்டித் தந்தது. காத்திருப்பது மடமை என்று நாம் எக்காலத்தும் வாதிட்டதில்லை. கையில் ஒரு மாற்று இருக்கும்போது காத்திருப்பது சிக்கனம்.

2025இல் நிலைமை வேறாயிற்று. மதர்போர்டு தளர்ந்து, வேலையின் நடுவே கணினி தானாகவே அணையத் தொடங்கியது. அதனினும் பெரிய இடையூறு வேறொரு பக்கமிருந்து வந்தது. விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை தொடரும் என்று அறிவித்தது. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், இன்டெல் சில்லாயின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. நம்முடையது ஆறாவது. லினக்ஸ் போடலாமே என்பார் உளர். நல்ல யோசனைதான், ஆனால் தங்கை கணக்கெழுதும் டேலி விண்டோஸை நம்பி நிற்பது. மேலும், அந்தப் பெட்டிக்குள் இருப்பவை ஒன்பது குடும்பங்களின் வரவுசெலவுகள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பூட்டுப் பழுதான அறையில் பிறர் பொருளை எத்தனை நாள் வைத்திருப்பது?

ஆகவே, 2025 டிசம்பரில் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் உம்மாவின் அறையில் மஷூரா கூடியது.

துபாயிலிருக்கும் மைத்துனர் தொலைபேசி வழியே கலந்துகொண்டார். “ஆறு மாசம் பொறுங்க மச்சான், லீவுல வரும்போது நானே கொண்டுவந்துர்றேன்” என்பது அவர் கட்சி. சபராளிகளின் இந்த அன்பு நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. டேப்ரிக்கார்டர் காலம் தொட்டு நம் வீடுகளின் பாதிச் சாமான்கள் இப்படி வந்தவையே. ஆனால், வெளிநாட்டிலிருந்து வரும் பயணிக்கு ஒரு மடிக்கணினியைத் தீர்வையின்றிக் கொண்டுவரச் சுங்க விதிகளில் தனி இடம் உண்டு. மேசைக் கணினிக்கு அந்தத் தனிச்சலுகை இல்லை. அப்படியே வந்தாலும், பழுதாகும் நாளில் வாரண்டியைத் தேடி யார் துபாய்க்குப் போவது?

சென்னையில் பொறியியல் பயிலும் அண்ணன் மகன் வேறொரு கட்சி. அடுத்த தலைமுறைச் சில்லு வரப்போகிறது, வந்தபின் வாங்கினால் பத்தாண்டு கவலையில்லை என்றான். இளைஞன் சொல்வதில் தவறில்லை. அடுத்த தலைமுறை எப்போதும் வரத்தான் போகிறது.

உம்மா தம் அனுபவத்தைச் சொன்னார்கள்: “தங்கத்துல போட்டா ஏறும், மிஷின்ல போட்டா எறங்கும். இப்ப என்னத்துக்கு அவசரம்?”

உம்மாவின் கூற்றுக்குப் பின்னே அறுபதாண்டு வரலாறு இருக்கிறது. பின்னாளில் இன்டெல் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான கார்டன் மூர் 1965இல் எழுதிய கட்டுரையில், ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பதைச் சுட்டினார். 1975இல் அதை ஈராண்டுக்கொருமுறை எனத் திருத்தினார். இந்தப் போக்கினால், அதே பணத்துக்கு அடுத்த ஆண்டு மேலான பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் வேரூன்றிவிட்டது. பொறுத்தவர்க்குப் பயனும் கிடைத்து வந்தது.

ஆனால், 2025இன் இறுதியில் அந்தக் கணக்குத் தலைகீழாயிற்று. கணினியின் ரேம் எனப்படும் நினைவகத்தை உலகுக்குப் பெரும்பகுதி வார்த்துத் தருபவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கென எழுப்பப்படும் மாபெரும் தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போகவே, இம்மூன்றும் இலாபம் மிகுந்த அந்தப் பக்கம் தங்கள் உற்பத்தியைத் திருப்பின. வீட்டுக் கணினிக்கான நினைவகம் சில மாதங்களுக்குள் இரு மடங்கையும் தாண்டி விலையேறியது. குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. ரிச்சித் தெருவில் அண்ணன் மகன் விசாரித்தபோது, காலையில் சொன்ன விலைக்கு மாலையில் தர இயலாது என்றார்களாம். மீன் ஏலத்தில் கேட்கும் பேச்சைக் கணினிக் கடையில் கேட்கும் காலம் வந்துவிட்டது! இது எப்போது தணியும் என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

அடுத்தது வரட்டும் என்று காத்திருப்பதைப் பற்றிப் பேசும்போது ஆடம் ஆஸ்போர்னை நினையாதிருக்க இயலவில்லை. 1939இல் பாங்காக்கில் பிறந்து, நம் திருவண்ணாமலையில் வளர்ந்தவர் அவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதியவர். மகன் அமெரிக்கா சென்று, 1981இல் ‘ஆஸ்போர்ன் 1’ என்னும் கணினியை 1,795 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். கையில் தூக்கிச் செல்லும் கணினி என்று பெயர். எடை ஏறத்தாழ 11 கிலோ, திரையோ ஐந்தே அங்குலம். ஆயினும் அது பரபரப்பாக விற்றது. 1983இல், இதனினும் மேலான கணினி வருகிறது என்ற செய்தி விற்பனைக்கு முன்பே பரவவும், வாங்க வந்தவர்கள் எல்லாரும் காத்திருக்கத் தொடங்கினர். பழையதை வாங்க ஆளில்லை. புதியது இன்னும் கடைக்கு வரவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலாயிற்று. இன்றும் வணிக உலகம் இதனை ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்றே வழங்குகிறது. அதே நாளில் ஒன்பது அங்குலத் திரையோடு குறைந்த விலையில் வந்த கேப்ரோ கணினியின் போட்டியும் ஒரு காரணமென்பர். நமக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஆஸ்போர்ன் 2003இல் கொடைக்கானலில் மறைந்தார். வாங்குவோர் காத்திருந்ததன் சுமையை அன்று நிறுவனம் சுமந்தது என்பதே நாம் இங்கே கருதுவது. நம் வீட்டில் அதைச் சுமப்பது யார்?

இந்தக் கேள்விக்கு வருமுன், இடையில் எழுந்த தவணைப் பேச்சையும் சொல்லிவிடவேண்டும். ‘வட்டியில்லாத் தவணை’ என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. பெயரைக் கேட்டு நம் வீடுகளில் பலர் மனம் ஆறுதலடைகிறது. அதன் நடைமுறை என்ன? பெரும்பாலும் வங்கி வட்டியைக் கணக்கிடவே செய்கிறது. அந்த வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் விலையில் தள்ளிவிடுகிறார். வட்டி 3,000 ரூபாய் என்றால், அதன்மீது 18 விழுக்காடு வரியாக 540 ரூபாயை வாங்குபவரே செலுத்துகிறார். மாதாந்திரப் பட்டியலில் ‘வட்டி’ என்ற சொல் அச்சிட்டே வருகிறது. சுழிய விழுக்காட்டு வட்டி என்பதே உண்மையில் இல்லாத ஒன்று என்ற கருத்தை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எடுத்துச் சொல்லிவிட்டது. மார்க்கத் தீர்ப்பை ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிவதே முறை. நாம் பட்டியலில் கண்ட சொல்லை மட்டும் கூறினோம். நம் வீட்டில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. கையிலுள்ள பணத்துக்குள் என்ன கிடைக்குமோ அதுவே.

கையிலுள்ள பணத்தில் பாதி தங்கை சேர்த்தது. ரமலானில் ஜகாத் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தொகையையும் சேர்த்தே எழுதுவாள். பொருள் நிஸாபை எட்டிச் சந்திர ஆண்டொன்று நிறைந்தால், சேமித்து வைத்த பணத்துக்கு ஜகாத் உண்டு, தொழிற்கருவிக்கு இல்லை. தையற்காரரின் இயந்திரமும் தச்சரின் உளியும் அப்படித்தான். ஜகாத்தைத் தவிர்ப்பதற்காகக் கருவி வாங்குவது அழகன்று. ஆயினும், முடங்கிக் கிடக்கும் பணத்தையும் உழைக்கும் கருவியையும் மார்க்கம் ஒரே கண்கொண்டு நோக்கவில்லை என்பது நம் சிந்தனைக்குரியது.

ஒரு மணி நேரம் இவ்வாறு சில்லுகளும் தலைமுறைகளும் சுங்க விதிகளும் அலசப்பட்டன. தங்கை கதவோரத்தில் அமர்ந்து உம்மாவுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். உன் கருத்தென்ன என்று நாம் கேட்டபின்னரே வாய் திறந்தாள்.

“நீங்க எப்ப வாங்குனாலும் சரிதான் காக்கா. பத்தாம் தேதிக்குள்ள முடிவ மட்டும் சொல்லிருங்க. ரெண்டு கடைய விட்டுரலாம்னு இருக்கேன்; அவங்க வேற ஆளு பாக்கணும்ல.”

அறையில் சற்றுநேரம் பேச்சில்லை. நடுவே அணைந்துபோகும் கணினியில் ஒருமுறை எழுதியதை மறுமுறை எழுதி, தஹஜ்ஜுத் நேரம் வரை அவள் விழித்திருப்பது அனைவரும் அறிந்ததே. பொறுக்கலாம் என்ற ஒவ்வொரு யோசனையும் அந்த விழிப்பின் மீதுதான் நின்றுகொண்டிருந்தது. துபாயிலிருந்து மைத்துனரின் குரல் மட்டும், “அப்ப வாங்கிருங்க” என்றது.

வாங்குவதென்று ஆனபின், எதை வாங்குவது என்பதில் சிக்கல் பெரிதாக இல்லை. மேசைக் கணினி ஒரே பொருளன்று என்பது அதன் பெருஞ்சிறப்பு. அறை அறையாகக் கட்டிக்கொள்ளும் வீட்டைப் போல, இன்று வேண்டியதை இன்றும் நாளை வேண்டியதை நாளையும் சேர்த்துக்கொள்ளலாம். மடிக்கணினிகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம்.5 என்னும் சாக்கெட்டை 2022இல் கொண்டுவந்து, அதில் பொருந்தும் சில்லுகளைக் குறைந்தது 2027 வரை வெளியிடுவதாகச் சொல்லியிருக்கிறது. அண்ணன் மகன் எதிர்பார்க்கும் அடுத்த தலைமுறைக்கும் ஒரு வாசல் திறந்திருக்கட்டும் என்று அதனையே தேர்ந்தோம். கணக்கெழுதுவதற்குப் படங்காட்டும் தனி அட்டை எதற்கு? அது விலக்கப்பட்டது. பழைய திரையும் விசைப்பலகையும் அப்படியே போதும். 2021இல் வாங்கிய வட்டு, கடைகளின் பழைய கணக்குகளுக்கு நகல் காக்கும் பெட்டகமாகப் புதிய பெட்டிக்குள் குடியேறியது. மின்சாரப் பெட்டி மட்டும் புதிதாக இருக்கட்டும் என்று பொருத்தித் தந்தவர் வற்புறுத்தினார். பத்தாண்டுப் பழையதை நம்பவேண்டாம் என்ற அவர் சொல் சரியே.

நினைவகத்தில்தான் கை கடித்தது. 16 ஜி.பி. கொண்ட இரண்டு துண்டுகள் போடுவது அண்ணன் மகனின் திட்டம். ஒன்றின் விலையைக் கேட்டதும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டாக இருந்தால் சற்று விரைவாக ஓடும் என்பது உண்மை. டேலிக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை.

2026 ஜனவரி முதல் வாரத்தில் கணினி வந்தது. அந்த மாதத்து அறிக்கைகள் ஒன்பதும் 18ஆம் தேதியே போய்ச் சேர்ந்தன. உம்மா வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்து, மூடியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இரண்டாவது துண்டுக்கான இடம் வெறுமையாக இருந்தது. அது ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்டார்கள். விலை இறங்கட்டும், பார்க்கலாம் என்றோம்.