மன்னார் பஸ் நிலையத்தில் ஒரு சனிக்கிழமை

மன்னாரில் ஒருவரைத் தேட வீடு வீடாக அலையத் தேவையில்லை, பஸ் நிலையத்தடியில் அரைநாள் நின்றால் போதும் என்பார் என் உம்மம்மா. தீவுக்குள் தரைவழியே வருபவரும் போகிறவரும் தாம்போதியைக் கடந்து இந்த இடத்தை மிதித்தே ஆக வேண்டும்.

பக்கத்தில் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் போனது. இன்று அதன் அருகே கொழும்பு, யாழ்ப்பாணம், வவுனியா, தலைமன்னார் என்று நடத்துநர்கள் கூவுகிறார்கள். கருவாடும் பனங்கட்டியும் பனங்கிழங்கும் விலையாகின்றன. எந்த ஹோர்னுக்கும் அசையாமல் கழுதைகள் நடுவீதியில் நிற்கின்றன.

உம்மம்மாவுக்கு இந்தச் சந்தடி பழையது. இலுப்பைக்கடவைச் சந்தியில் அவர்களுக்கு ஒரு சிறு பலசரக்குக் கடை இருந்தது. மூத்தவாப்பா கிழமைதோறும் பஸ்ஸேறி மன்னாருக்கு வந்து சாமான் வாங்கிப் போவாராம்.

எல்லாம் 1990 வரைதான். அந்த ஆண்டு தாம்போதிப் பாலம் தகர்க்கப்பட்டது. 1914 முதல் தலைமன்னாருக்கு ஓடிய ரயில் நின்றது. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. ரயில் 2015இல் மீண்டும் தலைமன்னாரைத் தொட்டது. மூத்தவாப்பா மட்டும் திரும்பவில்லை. அவர் புத்தளத்து மண்ணில் அடங்கிவிட்டார்.

நான் புத்தளத்தில் பிறந்தவள். அங்கே எங்களை "மன்னார் அகதிகள்" என்றார்கள். இங்கே வந்தபின் "புத்தளத்து ஆக்கள்" என்கிறார்கள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் வராது.

போன நோன்புக்கு முந்திய சனிக்கிழமை, உம்மம்மாவுடன் பஸ்ஸுக்கு நின்றேன். கருவாடு விற்ற ஒரு அம்மா உம்மம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார்.

"ராத்தா, சந்திக் கடை ராத்தாதானே?"

உம்மம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். அந்த அம்மாவின் கை நடுங்கியது.

"நீங்கள் போன அண்டைக்கு நாங்கள் படலைக்குள்ள நிண்டு பாத்தனாங்கள். ஒரு வார்த்தை கேக்கேல்ல. பயம், ராத்தா. இத்தினை வருசமா அது என்ர நெஞ்சுக்குள்ள கிடக்கு."

உம்மம்மா உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் எனக்கு மூச்சு முட்டியது. ஏன் கேட்கவில்லை என்று நானே கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"கேட்டிருந்தா மனசு ஆறியிருக்கும்," என்றார் உம்மம்மா கடைசியில். "ஆனா கைப்பிள்ளைக்கு எண்டு ஒரு போத்தல் தண்ணி ஓடிவந்து தந்தது நீதானே? அதையும் நான் மறக்கேல்ல."

அந்தக் கைப்பிள்ளை என் உம்மா.

இருவரும் கையைப் பிடித்தபடி அழுதார்கள். சனம் அவர்களைச் சுற்றி விலகிப் போனது. உம்மம்மா "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. நடந்தது நடந்ததுதான். ஆனால் வலியை வைத்திருந்த அதே மனதில் அந்தத் தண்ணீரையும் இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்தார். எதை நினைவில் வைப்பது என்பதிலும் ஒரு நீதி இருக்கிறது என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

கடவை என்றால் கடந்து போகும் வழி. எங்கள் ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. கடந்து போனவர்கள் திரும்பி வரவும் அதே வழிதான்.

பஸ் வந்தது. அந்த அம்மா ஒரு பொட்டலம் கருவாட்டை என் கையில் திணித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நடத்துநர் எங்கே இறக்கம் என்று கேட்டார். உம்மம்மா வாய் திறக்குமுன் நான் சொன்னேன்:

"இலுப்பைக்கடவைச் சந்தி, இரண்டு பேர். எங்கட ஊர்தான்."