உர மூட்டை கிளம்பும் கடற்கரை

கோடை விடுமுறைக்குத் திருவொற்றியூர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். ஊர் சுற்றிக் காட்டியது அத்தை மகன்தான். முதலில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் இங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் கிளம்பியது. காசிமேட்டில் தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டதால் அதிக நேரம் நிற்கவில்லை.

எண்ணூரில் உர ஆலையைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். நாம் வயலுக்குப் போடும் காம்ப்ளக்ஸ் உரம் இங்கேயும் தயாராகிறது. அதற்கான அமோனியா கப்பலில் வந்து, கடலுக்கடியில் பதித்த குழாய் வழியாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு அந்தக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"என்கூடப் படிக்கிறவன் வீடு அங்கதான் மாமா. கண்ணு எரிய, இருட்டுல ஓடியிருக்காங்க" என்றான் அத்தை மகன்.

மூட்டை விலையை மட்டுமே பேசும் அப்பா, பெரியகுப்பத்துக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டார்.