சிரிப்பு விழும் இடம்

ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு காபிக் கடையின் மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், பின்னால் கறுப்புத் துணி. ஞாயிறு ஏழு மணிக்கு ஓபன் மைக். சீக்கிரமே வந்துவிட்ட காமெடியன்கள் மாடிப்படியில் உட்கார்ந்து, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

நான் கூடப் போன இளைஞருக்குப் பகலில் பெருங்குடியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பெயர் போட வேண்டாம் என்றார். ஆபீஸில் தெரிந்தால் “எங்கே, ஒரு ஜோக் சொல்லு” என்றே உயிரை எடுப்பார்களாம். அவர் நோட்டில் முழு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ‘அம்மா – ஓடிபி’, ‘மாமா – ஃபாஸ்டாக்’, ‘பஜ்ஜி’. அவ்வளவுதான்.

ஆளுக்கு ஐந்து நிமிடம். நாலாவது நிமிடம் முடிந்ததும் ஹோஸ்ட் பின்வரிசையிலிருந்து செல்போன் டார்ச்சைத் தூக்கிக் காட்டுவார். அதற்குப் பெயர் ‘லைட்’. லைட் பார்த்த பிறகும் இழுப்பவருக்கு அடுத்த வாரம் ஸ்பாட் கிடைப்பது கஷ்டம். முதல் ஸ்பாட்டை யாரும் விரும்புவதில்லை. ஜனங்கள் அப்போதுதான் காபி சொல்லிக்கொண்டிருப்பார்கள். அன்று ஒரு பெண் தானே அதைக் கேட்டு வாங்கினார். ஹாஸ்டல் கேட் பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நல்ல செட், பாதிக்கு மேல் காற்றோடு போனது. அவருக்கு வாரா வாரம் இப்படித்தான் என்றார் ஹோஸ்ட், சாதாரணமாக. எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை.

நம்மவர் முறை வந்தது. “பொண்ணு பார்க்கப் போன இடத்துல எங்க வீட்ல எல்லாருக்கும் பஜ்ஜிதான் புடிச்சிருந்தது” என்றார். இரண்டு மூன்று பேர் மூக்கால் சிரித்தார்கள். இறங்கியதும் என்னிடம் பேசவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தான் பதிவு செய்த ஐந்து நிமிடத்தைப் போட்டுக் கேட்டார். தன் குரலை அல்ல, ஜனங்களின் சத்தத்தை. எங்கே சிரிப்பு விழுந்தது, எங்கே நாற்காலி நகர்ந்தது, எங்கே யாரோ இருமினார்கள். வாயை வைத்துப் பிழைக்கிறவர்கள் என்று நினைத்துப் போனவன் நான். காதுதான் இவர்களுக்கு முதல்.

“பஜ்ஜி நடுவுல மாட்டிக்கிச்சு சார்” என்றார்.

அதே ராத்திரி அடையாறில் இன்னொரு மேடை. அங்கே: “பொண்ணு பார்க்கப் போனோம். எங்க வீட்ல எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சுப் போச்சு.” ஒரு மூச்சு நிறுத்தி, “பஜ்ஜி.” கூரை அதிர்ந்தது. மாறியது ஒரு சொல்லின் இடம்தான்.

தனியாளாக நின்று சிரிக்கவைப்பது நமக்குப் புதிதில்லை. கூத்தில் கட்டியங்காரன் ஊர்ப் பெரிய மனிதரையே கிண்டலடிப்பான். கலைவாணர் வில்லுப்பாட்டில் செய்து காட்டினார். 2005இல் விஜய் டிவி ‘கலக்கப்போவது யாரு’ தொடங்கிய பிறகு மிமிக்ரிக்காரர்களுக்கு வீடுவரை பெயர் போனது. இந்தப் பிள்ளைகள் வேடமில்லாமல், குரல் மாற்றாமல், தங்கள் வீட்டுக் கதையைத் தாங்களாகவே நின்று சொல்கிறார்கள். சாஃப்ட்வேர் வேலையை விட்டுக் காமெடிக்கு வந்த அலெக்ஸாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ 2019இல் அமேசான் பிரைமில் வந்தது. “முன்னாடி அம்மா ‘இதெல்லாம் ஒரு வேலையா’ன்னு கேப்பாங்க. இப்போ ‘அமேசான்ல எப்போ வருவே’ன்னு கேக்குறாங்க. முதல் கேள்வியே பரவாயில்லை சார்” என்றார் நம்மவர்.

ஓபன் மைக்கில் காசு கிடையாது. காசு கார்ப்பரேட் ஷோவில். அதற்கு முன்னால் ஹெச்ஆரிடமிருந்து மெயில் வரும்: அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம், சம்பளம் பற்றி வேண்டாம், மேனேஜர் பற்றி வேண்டவே வேண்டாம். மிச்சமிருப்பது மாமியாரும் டிராஃபிக்கும். மெயில் வராத இடத்திலும் பயம் உண்டு. 2021 ஜனவரியில் இந்தூரில் காமெடியன் முனாவர் ஃபாரூக்கி கைதாகி ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தது இவர்கள் எல்லோருக்கும் தெரியும். நோட்டில் சில பக்கங்கள் மைக் பக்கமே போவதில்லை.

பதினோரு மணிக்கு டீக்கடை. கூட இருந்த இன்னொரு காமெடியன், “பஜ்ஜியைவிட மெதுவடை இன்னும் சிரிப்பு வரும்டா” என்றான். “போடா, மெதுவடைல ‘மெ’ன்னு ஆரம்பிக்கும்போதே காத்து இறங்கிடும். ‘ப’தான் அடிக்கும்” என்றார் நம்மவர். டீ ஆறிக்கொண்டிருந்தது, கேசரி வரைக்கும் போனார்கள்.