7 மணி 2 நிமிஷம்!

கல்யாணமாகாத இளைஞர்களே, ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவில் அப்பாவாக இருப்பதற்கு அன்பு, பாசம், பொறுமை எல்லாம் வேண்டியதுதான். அதற்கும் மேலே வேகமான ஆள்காட்டி விரல் ஒன்று வேண்டும்!

விஷயம் இதுதான். டொரன்டோ மாநகராட்சி பிள்ளைகளுக்கு நீச்சல், ஸ்கேட்டிங், டான்ஸ், ஓவியம் என்று வகைவகையாக வகுப்பு நடத்துகிறது. வருஷத்துக்கு நாலு சீசன். குளிர்கால வகுப்புகள் ஜனவரியில் ஆரம்பம். தனியாரிடம் கட்டுவதைவிடக் கட்டணம் குறைவு. வசதி குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. சில கம்யூனிட்டி சென்டர்களில் முழுக்கவே இலவசம். அப்புறம் கேட்பானேன்? ஊரில் இருக்கிற அத்தனை அப்பா அம்மாவும் துண்டு போட வந்துவிடுகிறார்கள்.

பதிவு தொடங்கும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். நேரம் காலை 7 மணி. நம்ம ஊர் தட்கலில் ஏ.ஸி. பெட்டிக்கு 10 மணி, மற்றதுக்கு 11 மணி என்று மேனேஜருக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே... அதே படபடப்பு! ஒரே ஒரு வித்தியாசம். தட்கலில் தோற்றால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டாவது ஊர் போய்ச் சேரலாம். இங்கே தோற்றால் மூன்று மாசம் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்து மேய்க்க வேண்டும்.

அந்த மூன்று மாசம் எப்படி என்று கேட்கிறீர்களா? டிசம்பர் கடைசியில் சூரிய பகவான் சுமார் 7.45 மணிக்கு ஆபீஸ் வருவார். சாயங்காலம் 5 மணி ஆவதற்குள் கடையைக் கட்டிவிடுவார். நமக்கு வாய்க்காத மேனேஜர்! இடையில் சில நாட்களில் மைனஸ் பத்து, மைனஸ் பதினைந்து. பிள்ளையை வெளியே அழைத்துப் போக பூட்ஸ், பனி பேன்ட், கோட்டு, கழுத்துப்பட்டி, குல்லாய், கையுறை என்று பதினைந்து நிமிஷம் அலங்காரம் பண்ண வேண்டும். கோயில் உற்சவருக்குப் பண்ணுகிற மாதிரி எல்லாம் பண்ணி ஜிப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தால், உள்ளேயிருந்து குரல் வரும். "அப்பா, மூச்சா!"

எங்கள் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். அங்கே இருந்தவரை என் மகளைத் தெருதான் வளர்த்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்தால் இருட்டும்வரை வீடு திரும்ப மாட்டாள். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் அவளுக்கு ஆறு வயசு. ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இந்தத் தெருவுல யாருமே இல்லையா?"

"எல்லாரும் உள்ளே இருக்காங்க கண்ணு."

"உள்ளேன்னா எங்கே?"

பதில் தெரியவில்லை. ஜனவரி முழுக்க அதையே கேட்டாள். பிப்ரவரியில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எங்களைக் கலவரப்படுத்தியது. வாயாடிப் பெண் ஸார், பொம்மையிடம்கூட ரகசியமாகப் பேச ஆரம்பித்திருந்தாள்.

வழி சொன்னவர் மேல்மாடி அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் இங்கே வந்தவர். ஸ்கார்பரோ தனி மாநகரமாக இருந்து, 1998-ல் டொரன்டோவோடு சேர்க்கப்பட்டதைப் பார்த்தவர். "தம்பி, பிள்ளைய வீட்டுக்குள்ள பூட்டி வைக்காதையும். எல்லாப் பிள்ளையளும் கம்யூனிட்டி சென்டரிலதான் நிக்குதுகள்" என்றார். 'உள்ளேன்னா எங்கே?' என்ற கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்த குளிர்காலத்துக்கு அண்ணைதான் பயிற்சி கொடுத்தார். "யோசிக்கிறதெல்லாம் முதல்நாள் இரவு யோசியும். வகுப்பு நம்பரை ஒரு பேப்பரில எழுதும். ஒண்டு கிடைக்காட்டி அடுத்தது எண்டு மூண்டு எழுதி வையும். காலமை எழும்பி யோசிச்சால், எல்லாம் போச்சுது!"

அந்த நாளும் வந்தது. வெளியே கும்மிருட்டு. லேப்டாப்பில் நான், ஸ்கேட்டிங் இலாகா. ஃபோனில் என் மனைவி, நீச்சல் இலாகா. நடுவில் ஆறிப்போன காபி. மணி 7. விரல் பறந்தது. பெயர், வகுப்பு எண், கார்டு எண்... 7 மணி 2 நிமிஷத்துக்கு 'உங்கள் இடம் உறுதி' என்று வந்தது. சனிக்கிழமை ஸ்கேட்டிங்! வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பினால், எதிரே ஒரு சோக முகம்.

"ஏனுங்க, நீச்சல்ல நாம வெயிட்டிங் லிஸ்ட் 11."

நீச்சலுக்கு ஏன் இத்தனை அடிதடி? கனடா ஏரிகளின் தேசம். கோடையில் கேம்ப், பிக்னிக் எல்லாம் தண்ணீரில் போய்த்தான் முடியும். உயிர்காப்புச் சங்கம் என்று இங்கே ஓர் அமைப்பு இருக்கிறது. தண்ணீரில் தவறி விழுந்தவன் உயிர் பிழைக்கக் குறைந்தபட்சம் மூன்று காரியம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது: ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழுந்து மேலே வருவது, நின்ற இடத்திலேயே ஒரு நிமிஷம் மிதப்பது, 50 மீட்டர் நீந்துவது. அவ்வளவுதான். மெடல் வாங்குவதற்கல்ல, உயிரோடு வீடு திரும்புவதற்கு.

நான் நீச்சல் கற்றது தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைப்புருடையைக் கட்டி, மோட்டார் ரூம் பக்கத்திலிருந்து சித்தப்பா ஒரே தள்ளு. கட்டணம் கிடையாது. நம்பர் கிடையாது. வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது. மேலே ஏறினால் ஒரு கைப்பிடி நிலக்கடலை வேறு! ஊரில் தெருவும் கிணறும் சும்மா கொடுத்ததை, இங்கே அலாரம் வைத்து எழுந்து வாங்க வேண்டியிருக்கிறதே என்று அன்றைக்கு நானும் பெருமூச்சு விட்டேன்.

விட்டபிறகுதான் அக்கா ஞாபகம் வந்தது. நாங்கள் பையன்கள் எல்லாம் கிணற்றில் குதித்துக் கும்மாளம் போட்டபோது, அவள் மேலே உட்கார்ந்து எங்கள் துணிமணிக்குக் காவல் இருந்தாள். பெண்பிள்ளை கிணற்றில் இறங்குவதாவது! அவளுக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது. சும்மா கிடைத்தது என்று நான் பெருமையடித்துக்கொள்ளும் கிணறு, அவளுக்குச் சும்மாகூடக் கிடைக்கவில்லை. இங்கே வரிசையில் நிற்கவாவது என் மகளுக்கு ஓர் இடம் இருக்கிறது.

வரிசை என்றால் அதிலும் சங்கடம் உண்டு. காலை 7 மணிக்கு ஃபேக்டரியில் மெஷின் முன்னால் நிற்கிற அப்பா எந்த லேப்டாப்பைத் திறப்பார்? எங்கள் கட்டடத்தில் அப்படி இரண்டு குடும்பங்கள். அவர்களுக்காக உட்காருகிறவர் அண்ணை. அவர் பேரப்பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து காலேஜ் போய்விட்டார்கள். ஆனாலும் பதிவு நாளில் மனுஷன் 6.45-க்கே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தயார். "எனக்கு வேற என்ன வேலை, தம்பி?" என்பார். விரல் மட்டும் என்னைவிட வேகம்!

ஜனவரி வந்தது. ஹெல்மெட் கட்டாயம், மாட்டியாயிற்று. முதல் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் தெரியுமா? விழுவதற்கு! எப்படி அடிபடாமல் விழுவது, எப்படி மண்டி போட்டு எழுந்திருப்பது என்று அதுதான் முதல் பாடம். என் மகள் பதினொரு தடவை விழுந்தாள். நான் கம்பிக்கு வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். பன்னிரண்டாவது தடவை பக்கத்தில் இன்னொரு வாண்டும் சேர்ந்து விழுந்தது. இரண்டும் எழுந்திருக்காமல் பனிக்கட்டியில் படுத்தபடியே சிரித்தன. அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஸார்.

டொரன்டோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட திறந்தவெளி ஸ்கேட்டிங் தளங்கள் இருக்கின்றன. சிட்டி ஹால் வாசலிலேயே ஒன்று. சும்மா போய்ச் சறுக்கக் காசு இல்லை. இப்போதெல்லாம் சனிக்கிழமை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு வாண்டுகளும் இலவசத் தளம். அலங்காரம் பண்ணுவது நான், ஊர்வலம் போவது அவர்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் 11 என்ன ஆயிற்று? ஒவ்வொருவராக விலக, இரண்டாவது வாரத்தில் இடம் கிடைத்துவிட்டது. மார்ச் மாசம் மகள் முழுதாக ஒரு நிமிஷம் மிதந்தாள். மனைவி அதை ஃபோனில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினாள். அன்றைக்கே அக்காவிடமிருந்து அழைப்பு.

"ஏண்டா, அங்கே பெரியவங்களுக்கும் நீச்சல் சொல்லித் தர்றாங்களா?"

"தர்றாங்கக்கா. நீ வந்தா சேர்த்துவிடறேன். ஆனா பதிவு பண்ணக் காலையில ஏழு மணிக்கு எந்திரிக்கணும்."

"போடா! நான் நாலரைக்கே எந்திரிச்சு பால் கறக்கறவ!"