தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

பொட்டி தட்டுற மக்களோட மேஜையைப் பாத்தீங்கன்னா ஒரு விஷயம் பொதுவா இருக்கும். மானிட்டர் பக்கத்துல ஒரு காபிக் கோப்பை, அதுக்குப் பக்கத்துல உள்ளங்கை அளவு தொட்டியில ஒரு சக்குலன்ட். அதாங்க, இலையெல்லாம் கொழுகொழுன்னு தண்ணியைச் சேத்து வச்சிருக்குமே, அந்த வகை. "இது சாகவே சாகாது சார்"னு சொல்லித்தான் நர்சரிக்காரர் விப்பார். மூணு மாசத்துல தொட்டி மட்டும் மிஞ்சும், பேனா வைக்க.

இத்தனைக்கும் சோத்துக்கத்தாழையை வேரோட புடுங்கி வாசல்ல தலைகீழாக் கட்டித் தொங்கவிடுற ஊரு நம்ம ஊரு. மண் கிடையாது, தண்ணி கிடையாது, ஆனாலும் மாசக்கணக்குல பச்சையா இருக்கும். அதே மாதிரி தண்ணி சேத்து வைக்கிற செடி, தினமும் கவனிச்சும் செத்துப் போகுதுன்னா? கவனிப்பு தாங்காமத்தான் சாகுது.

பிரச்சினை எங்கன்னா, இந்தச் செடிங்க ஒரே 'எர்ரர் மெசேஜை' ரெண்டு நேரெதிர் காரணத்துக்குக் காட்டும். இலை சுருங்கிப் போச்சுன்னு வைங்க. மண் காஞ்சு கிடந்தா, அது தாகம். நல்லா ஒரு தடவை ஊத்தினா ரெண்டு மூணு நாள்ல இலை பழையபடி உப்பிடும். ஆனா மண் ஈரமா இருந்தும் இலை சுருங்குதுன்னா, வேர் அழுகிப் போய் தண்ணியை உறிஞ்ச முடியலைன்னு அர்த்தம். அப்ப மேல மேல ஊத்தினா எரியுற தீயில எண்ணெய்தான். ஆபீஸ்ல 'ரூட் காஸ்'னு மீட்டிங் போட்டுத் தேடுவோமே, இங்க அது நெஜமாவே வேர்லதான் இருக்கும் :-)

என் காலேஜ் நண்பன் ஒருத்தன், கோயமுத்தூர்க்காரன். அவங்க அம்மா பல வருஷமா வளத்த ஜேட் செடியை, அம்மா தவறினதுக்கு அப்புறம் சென்னைக்குக் கொண்டுவந்து வச்சிருந்தான். இலை வாட ஆரம்பிச்சதும் தினம் காலையில ஒரு டம்ளர் தண்ணி. இன்னும் வாடினதும் ரெண்டு டம்ளர். நான் போய்ப் பாத்தப்ப அடி இலையெல்லாம் மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிஞ்சது. விரல் பட்டாலே பொத்துனு விழுந்தது. "ஊத்துறதை நிறுத்துடா"ன்னேன். "அம்மாவோட செடியைப் பட்டினி போடுற மாதிரி இருக்குடா"ன்னான். அதுக்கு என்ன பதில் சொல்றது?

தொட்டியைக் கவுத்துப் பாத்தோம். வேர் பழுப்பா, கொழகொழன்னு, நாத்தம். தண்டோட அடியும் கறுத்துடுச்சு. ஸ்பிரிட் தொட்டுத் துடைச்ச கத்தியால, வெட்டுற எடத்துல கறை எதுவும் தெரியாத வரைக்கும் மேல மேல வெட்டிக்கிட்டே வந்தோம். நாலு கிளை தேறிச்சு. அதை அப்படியே நிழல்ல ஒரு வாரம் காயவிட்டு, வெட்டுவாய் நல்லா ஆறினப்புறம் காஞ்ச மணல் கலவையில நட்டு, இன்னொரு வாரம் கழிச்சுத்தான் முதல் தண்ணி. ரெண்டு பொழைச்சது. தாய்ச்செடி போயிடுச்சேன்னு வருத்தப்பட்டான். கிளையை வெட்டி வச்சு வளர்றது வேற செடி இல்லை, அதே செடியோட தொடர்ச்சிதான்னு சொன்னேன். ஆறுதலுக்காக இல்லைங்க, தாவரவியல்படியே அதுதான் உண்மை.

இந்தச் செடிங்க ஏன் இப்படி? பகல்ல இலைத்துளையைத் திறந்தா தண்ணி ஆவியாயிடும்னு, ராத்திரியில திறந்து காத்தை வாங்கி, அமிலமா மாத்தி இலைக்குள்ள சேத்து வைக்கும். பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு அதை வச்சுச் சமைக்கும். இதோட ஆரம்பக் குறிப்பு ஒண்ணு நம்ம நாட்டுலேருந்து போனதுங்க. தரங்கம்பாடிக்கு மிஷனரியா வந்து, அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியில தாவரவியலாளரா இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ஒரு இலையை மென்னு பாத்து, காலையில புளிக்குது, மத்தியானம் சப்புன்னு ஆயிடுதுன்னு எழுதினார். 1815-ல லண்டன் லின்னேயன் சொசைட்டி இதழ்ல அது அச்சாச்சு. எந்த இலைன்னு கேக்குறீங்களா? நம்ம ரணகள்ளி! 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்'னு சொல்லுவாங்களே, அதேதான்.

இந்த ராத்திரி வேலை நல்லா நடக்கணும்னா ராத்திரி குளுகுளுன்னு இருக்கணும். ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்கா இருக்கிற எச்சிவேரியாவோட பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பக்கம். ஊட்டியில வாங்கிட்டு வந்து மே மாசச் சென்னையில வச்சா அது அரைத்தூக்கத்துக்குப் போயிடும். தூங்குற புள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரிதான் அப்ப தண்ணி ஊத்துறது.

சரி, இலையைப் பாத்து என்னன்னு கண்டுபிடிக்க நான் வச்சிருக்கிற கணக்கு:

அடி இலை ஒண்ணு ரெண்டு மட்டும் காகிதம் மாதிரி காஞ்சு உதிருதா? வயசாயிடுச்சு, அவ்வளவுதான். விட்டுடுங்க.

வெயில் படுற பக்கம் மட்டும் வெளுத்தோ பழுப்பாவோ காஞ்ச திட்டா? வெயில் சுட்டது. அந்தத் தழும்பு போகாது, புது இலை நல்லா வரும். நிழல்ல இருந்த செடியை வெயிலுக்கு மாத்தணும்னா ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.

ஓரம் மட்டும் செவப்பா? பயப்படாதீங்க. பெரும்பாலும் நல்ல வெயிலுக்கு அது போட்டுக்கிற நிறம்.

தண்டு நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு, தலையைச் சாய்க்குதா? வெளிச்சம் பத்தலை. ஆபீஸ் டியூப்லைட் அதுக்குக் காணாது.

இலையில சொரசொரன்னு தடிப்பு? மேகமூட்டமான ஈர நாள்ல, இலை வெளிய விடுறதை விட வேர் அதிகமா உறிஞ்சினா அப்படி வரும். தொத்துநோய் இல்லை.

வெள்ளையா இருக்கா? இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. இலை முழுக்க ஒரே சீரா விபூதி பூசின மாதிரி இருந்தா அது செடியோட சொந்த மெழுகு, வெயில்லேருந்து காப்பாத்துற சட்டை. தேச்சு எடுத்துடாதீங்க. இலை தண்டுல சேர்ற இடுக்குல பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தா மாவுப்பூச்சி. தொட்டியில எறும்பு வரிசையா ஏறினா சந்தேகப்படுங்க, பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்குத்தான் அது வரும். மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சுல நனைச்சு ஒத்தி எடுங்க, வாரம் ஒரு தடவை, மூணு நாலு வாரம். வேப்பெண்ணெய் அடிக்கிறதா இருந்தா சாயங்காலம் அடிங்க. வெயில் நேரத்துல அடிச்சா இலை பொசுங்கிடும்.

வராம பாத்துக்கிறது இதைவிட சுலபம். தொட்டியில ஓட்டை இருக்கணும், மண் தொட்டின்னா ரொம்ப நல்லது. வாங்கின உடனே அந்தத் தேங்காய் நார்த்தூளை உதிர்த்துட்டு, பாதிக்குப் பாதி பெருமணலோ செங்கல் உடைசலோ கலந்த மண்ணுக்கு மாத்துங்க. 'வாரம் ஒரு தடவை'னு காலண்டர் பாத்து ஊத்தாதீங்க. தொடப்பத்துலேருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி, தொட்டியோட அடி வரைக்கும் குத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுங்க. மண் ஒட்டிச்சுன்னா இன்னும் தாகம் எடுக்கலை. சுத்தமா வந்தா, ஓட்டை வழியா வடியுற வரைக்கும் தாராளமா ஊத்துங்க. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு இருங்க.

அந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். பாசம் இருக்கிறவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஐப்பசி அடைமழை தொடங்குறதுக்குள்ள தொட்டியை எல்லாம் சன்ஷேடுக்கு அடியில நகத்தி வச்சுடுங்க. மீதியை அதுவே பாத்துக்கும்.