பென்குயின் தீவுக்குக் காவல் போன கோழிப்பண்ணை நாய்!

‘கேரவன்’ என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது, படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகர்களின் சொகுசு வண்டிதான். ஆஸ்திரேலியாவில் அது சாதாரணக் குடும்பங்களின் விடுமுறை வீடு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் இந்த வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. போகிற ஊரில் கேரவன்களுக்கென்றே இருக்கும் திடலில் இடம்பிடித்து, மின்சாரமும் தண்ணீரும் இணைத்துவிட்டால் போதும், சமையலைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக் கிளம்பும் குடும்பங்கள் விரும்பும் பாதைகளில் ஒன்று, விக்டோரியா மாநிலத்தின் ‘கிரேட் ஓஷன் ரோடு’. முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய வீரர்கள், போரில் மாண்ட தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை பாறைச் சரிவுகளை வெட்டி அமைத்த சாலை இது. நீளம், சுமார் 240 கிலோமீட்டர். சாலை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், கறவை மாடுகள் மேயும் புல்வெளிகளுக்கு நடுவே இருக்கிறது வாரனம்பூல் என்ற கடற்கரை நகரம்.

கடலோடிகளின் கிராமம்

வாரனம்பூலில் கேரவனை நிறுத்துகிறவர்கள் தவறாமல் எட்டிப்பார்க்கும் இடம், ‘ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில்’ கடல்சார் கிராமம். 19-ம் நூற்றாண்டுத் துறைமுக ஊர் எப்படி இருந்ததோ, அப்படியே கட்டிவைத்திருக்கிறார்கள். பாய்மரத் துணி தைப்பவர், பீப்பாய் செய்பவர், கொல்லர் என்று கப்பலை நம்பிப் பிழைத்த தொழிலாளிகளின் பட்டறைகளைச் சுற்றிப் பார்க்கலாம்.

இந்தக் கரைக்கு ‘கப்பல் உடையும் கரை’ என்றே பெயர். இங்கிலாந்தில் இருந்து வரும் பாய்மரக் கப்பல்கள், வாரக்கணக்கில் கரையையே பார்க்காமல் வந்து, ஓட்வே முனைக்கும் கிங் தீவுக்கும் இடையில் உள்ள சுமார் 90 கிலோமீட்டர் இடைவெளிக்குள் நுழைய வேண்டும். ‘ஊசிக் காதில் நூல் கோப்பது’ என்று மாலுமிகள் சொன்ன வேலை இது. கணக்கு கொஞ்சம் பிசகினாலும் பாறைதான்.

1878-ம் ஆண்டு ஜூன் 1 அதிகாலையில் ‘லாக் ஆர்ட்’ என்ற கப்பலுக்கு அதுதான் நடந்தது. மூடுபனியில் கரை தெரியவில்லை. கப்பல் பாறைத் தீவில் மோதி மூழ்கியது. இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். பயிற்சி மாலுமி டாம் பியர்ஸ் எப்படியோ கரையேறிவிட்டார். அலையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டதும் மறுபடியும் கடலுக்குள் நீந்திப்போய், ஈவா கார்மைக்கேலை இழுத்து வந்தார். குடியேறுவதற்காகக் குடும்பத்தோடு வந்த ஈவாவின் பெற்றோரும், உடன் வந்த உடன்பிறப்புகளும் அந்தக் கடலோடு போய்விட்டார்கள். ஈவாவைக் குகையில் படுக்கவைத்துவிட்டு, செங்குத்துப் பாறையில் ஏறிய டாமின் கண்ணில் முதலில் பட்டவர்கள், பக்கத்துப் பண்ணையில் வேலை செய்த ஆட்கள். அந்தப் பண்ணை வீட்டில்தான் ஈவா உடல் தேறினார்.

அதே கப்பலில் வந்த ஆளுயரப் பீங்கான் மயில் ஒன்று, மரப்பெட்டிக்குள் இருந்தபடியே கரை ஒதுங்கியது. 52 உயிர்களைக் காவு வாங்கிய கடல், அந்த மயிலை உடைக்கவில்லை. இப்போது அது இந்தக் கிராமத்துக் காட்சிக்கூடத்தில் நிற்கிறது.

நரியா... நாயா?

கிராமத்தின் குன்றில் நிற்கும் கலங்கரை விளக்கம், முதலில் எதிரே கடலில் இருக்கும் மிடில் தீவில் கட்டப்பட்டது. 1871-ல் அதைப் பிரித்து இங்கே கொண்டுவந்தார்கள். அந்தக் குட்டித் தீவின் கதைதான் விவசாயிகளுக்கு முக்கியமானது.

மிடில் தீவு, உலகிலேயே சிறிய பென்குயின் இனத்தின் இருப்பிடம். ஓரடி உயரம், ஒரு கிலோ எடை. மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். கடல் வற்றும் நேரத்தில் தீவுக்கும் கரைக்கும் இடையே தண்ணீர் குறைந்துவிடும். ஐரோப்பியர்கள் வேட்டை விளையாட்டுக்காக இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த நரிகள், அந்த வழியாகத் தீவுக்குள் புகுந்தன. பசிக்கு ஒன்றிரண்டைத் தின்றுவிட்டுப் போவதோடு நிற்கவில்லை. கோழிக்கூண்டில் புகுந்த நரி மாதிரி, கிடைத்ததையெல்லாம் கடித்துப் போட்டன. நூற்றுக்கணக்கில் இருந்த பென்குயின்கள், 2005-ல் 10-க்கும் கீழே வந்துவிட்டன.

அப்போது யோசனை சொன்னவர், அந்தப் பகுதியில் திறந்தவெளியில் கோழி வளர்த்த ஒரு விவசாயி. அவருடைய கோழிகளுக்குக் காவல், ‘மரெம்மா’ என்ற இத்தாலிய ஆட்டுக்காவல் நாய்கள். ‘கோழியைக் காக்கிற நாய், பென்குயினைக் காக்காதா?’ என்பதுதான் அவருடைய கேள்வி. 2006-ல் அவருடைய ‘ஆட்பால்’ என்ற நாய் தீவுக்குக் காவல் போனது. 2015-ல் இந்தக் கதை திரைப்படமாகவும் வந்தது.

இந்த இனத்து நாய், வேட்டை நாய் மாதிரி துரத்திக்கொண்டு ஓடாது. குட்டியிலேயே எந்தப் பிராணியோடு பழகவிடுகிறோமோ, அதைத் தன் கூட்டமாக நினைத்து அங்கேயே சுற்றிவரும். அதன் குரைப்பும், அது விட்டுச்செல்லும் வாடையும் போதும், நரி கிட்டே வராது. சில ஆண்டுகளில் பென்குயின் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது.

ஆனால், காவல் ஒருநாள் வேலை அல்ல. 2017-ல் கடல் சீற்றத்தால் நாய்களைத் தீவுக்குக் கொண்டுபோக முடியாத சமயத்தில், நரிகள் மறுபடியும் புகுந்து ஏராளமான பென்குயின்களைக் கொன்றுவிட்டன. திரும்பவும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது.

வளைகள் மிதிபடாமல் இருக்க, மிடில் தீவுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. சுற்றுலாப் பயணிகள் கரையில் நின்று பார்த்துக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு, லோகன்ஸ் கடற்கரை மேடையில் இருந்து, குட்டி ஈன வரும் திமிங்கிலங்களைப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. இருட்டியதும், குன்றின் மேல் ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கலங்கரை விளக்கங்கள் எரியும். இரண்டு வெளிச்சமும் ஒரே நேர்கோட்டில் தெரிகிற பாதைதான், துறைமுகத்துக்குள் வரும் படகுகளுக்கு இன்றைக்கும் பத்திரமான வழி!