காட்டு மேளம் என்று எழுதியவன்

2018 பிப்ரவரியில் 'பிளாக் பேந்தர்' வெளியானபோது ஒரு பத்திரிகைக்கு விமர்சனம் எழுதினேன். அதில் இசையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். ஆப்பிரிக்கா என்றாலே காட்டு மேளம்தானே என்று இசையமைப்பாளரும் முடிவு கட்டிவிட்டார், அவ்வளவுதான். எழுதி முடித்தபோது அந்த வாக்கியம் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. ஹாலிவுட்டின் சோம்பேறித்தனத்தை ஒரே போடாகப் போட்டுவிட்ட நிறைவு.

மறு வருடம் அந்த இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதன் பிறகுதான் இசையமைப்பாளர் லுட்விக் யோரன்சன் பேட்டிகளில் என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடிப் படித்தேன். காது கேட்டுத் தேடவில்லை, விருது கிடைத்ததால் தேடினேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

யோரன்சன் சுவீடன்காரர். இந்தப் படத்துக்காக செனகலுக்குப் போய், பாடகர் பாபா மாலின் கச்சேரிப் பயணத்தில் கூடவே சுற்றியிருக்கிறார். அந்தக் குழுவில் மசாம்பா டியோப் என்ற தாளக்கலைஞர். அவர் வாசிப்பது தாமா. பேசும் மேளம் என்பார்கள். இரண்டு பக்கமும் தோல், நடுவில் ஒடுங்கிய இடை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கயிறுகளை நெருக்கினால் சுதி ஏறும், விட்டால் இறங்கும். கதாநாயகன் பெயரைச் சொல்லி, அவனை உங்கள் மேளத்தில் அறிமுகப்படுத்துங்கள் என்று யோரன்சன் கேட்டிருக்கிறார். டியோப் 'டிசல்லா' என்ற பெயரையே அடித்துக் காட்டியிருக்கிறார். படம் நெடுக அரசன் வரும் இடங்களில் மேளம் அவன் பெயரைத்தான் கூப்பிடுகிறது.

கொங்குப் பக்கம் அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்டு வளர்ந்தவன் நான். உடுக்கையின் இடைக்கயிற்றை விரல் நெருக்கும்போது குரல் எப்படிக் குழையும் என்று எனக்குத் தெரியும். சுதி வளைவதைத் தியேட்டரில் நான் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கேட்டதும், இது என்ன என்று ஒரு நொடி நின்றிருக்க வேண்டும். ஆப்பிரிக்கா, மேளம், சரி என்று உள்ளே ஏதோ ஒன்று கதவைச் சாத்திவிட்டது.

வில்லன் கில்மாங்கருக்குப் புல்லாங்குழல். ஃபுலா மக்களின் குழல் அது. ஊதுகிறவர் ஊதிக்கொண்டே அதற்குள் பேசுவார், கத்துவார். பாத்திரத்தைப் பற்றிக் கேட்ட கலைஞர் அவன் பெயரையே குழலுக்குள் கத்தினாராம். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் அப்பாவை இழந்து வளர்ந்தவன் கில்மாங்கர். அதனால் அந்தக் குழலோடு ஹிப்ஹாப்பின் 808 டிரம் மெஷினைச் சேர்த்திருக்கிறார்கள். அவன் அரியணையை நோக்கி நடக்கும்போது கேமரா தலைகீழாகத் தொடங்கிச் சுழன்று நிமிரும். இரண்டு கண்டங்களின் ஒலியும் அங்கேதான் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்தக் காட்சியில் நான் எழுதியது கேமராவைப் பற்றி மட்டும். கேமரா சுழல்வது யாருக்கும் தெரியும்.

இதையெல்லாம்விட வெட்கமானது ஒன்று உண்டு. படத்தின் கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டாவுக்குள் விமானம் நுழையும் இடத்தில் பாபா மாலின் குரல் ஓங்கி எழும். அதை வெற்றி முழக்கம் என்று எழுதினேன். ஃபுலா மொழியில் அவர் பாடுவது ஒரு யானை செத்துப்போனதைப் பற்றி. முந்தைய படத்தில் டிசல்லாவின் அப்பா இறந்துவிட்டார், மகன் முடிசூட வீடு திரும்புகிறான். சாவு வீட்டுப் பாட்டைக் கேட்டு நான் கைதட்டியிருக்கிறேன்.

மொழி விஷயத்திலும் இதே லட்சணம்தான். வகாண்டாக்காரர்கள் நாக்கைச் சொடுக்கிப் பேசுவதைக் கேட்டதும் 'பாகுபலி'யின் காலகேயர்கள் ஞாபகம் வந்தார்கள். அந்தப் படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிலிக்கியிலும் சொடுக்கொலி உண்டு. ஆகவே இதுவும் யாரோ உட்கார்ந்து கட்டிய மொழி என்று முடிவு செய்து அப்படியே எழுதினேன். அது கோசா மொழி. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி. தென்னாப்பிரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டில் பேசுவது. 2016இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் பழைய அரசனாக நடித்த ஜான் கானியின் சொந்த மொழி, அவர் வழியாகத்தான் வகாண்டாவுக்குள் வந்தது. இந்திப் படத்தில் 'மதராசி' பாத்திரம் வந்து உளறினால் நான் எவ்வளவு குதிப்பேன் என்பது நண்பர்களுக்குத் தெரியும். இந்தியா என்றதும் சித்தாரை மீட்டும் ஆங்கிலப் படங்களைக் கிழித்து நான் எழுதிய கட்டுரைகள் கோப்பில் இருக்கின்றன. தவிலும் பறையும் வேறு என்று தெரியாதவனிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

உடைகளும் அப்படியே தப்பின. லெசோத்தோவின் சோத்தோ மக்கள் போர்த்தும் கம்பளி, மணமான ஜூலு பெண்களின் தொப்பி, எல்லாம் எனக்குப் பொதுவாக 'வண்ணமயம்'. தொடக்கத்துச் சண்டை நடப்பது நைஜீரியாவின் சாம்பிசா காட்டில் என்று திரையிலேயே எழுத்துப் போட்டார்கள். 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளை போகோ ஹராம் கடத்திப்போன செய்தியை மாதக்கணக்கில் படித்தவன் நான். லாரியில் பெண்களை ஏற்றிப்போகும் காட்சியைப் பார்த்தும் அது பொறி தட்டவில்லை.

அப்படியானால் படத்தில் நான் கவனித்தது எதை? ஒரு மௌனத்தை. மலைவாசித் தலைவன் எம்பாக்கு அரசனோடு மோத வரும்போது அனுமனை வாழ்த்துகிறான். இந்தியப் பிரதியில் தணிக்கை வாரியம் அந்தப் பெயரை ஒலியில்லாமல் செய்திருந்தது. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன். விமர்சனத்தின் கால்வாசி அதற்கே போனது. காமிக்ஸில் வெள்ளைக் கொரில்லாவை வணங்கியவர்களுக்கு அனுமன் எப்படி வந்தார் என்று படம் சொல்வதில்லை. அது படக்காரர்களின் மேம்போக்கு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் இரண்டேகால் மணி நேரப் படத்தில் என் காது விழித்தது நம்மவர் ஒருவர் பெயர் விழுந்த இடத்தில் மட்டும்தான். அதுவும் அந்தப் பெயர் கேட்காத இடத்தில்.

இதுவரை சொன்னது அறியாமை. அதற்கு மன்னிப்பு உண்டு. அடுத்தது வேறு வகை.

ஆஸ்கருக்குப் பிறகு ஒரு கல்லூரித் திரைப்பட மன்றத்தில் பேசக் கூப்பிட்டார்கள். தாமா, ஃபுலா குழல், யானைப் பாட்டு, கோசா, சாம்பிசா என்று அத்தனையையும் வரிசையாக எடுத்து வைத்தேன். எதையும் எங்கே படித்தேன் என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "சார், இதெல்லாம் மொதல் தடவ பாக்கும்போதே உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

"பின்னே?" என்றேன்.

சிரித்தார்கள். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முதல் தடவை எதுவும் கேட்டிருக்காது என்பது அந்தக் கேள்வியிலேயே இருந்தது. எனக்கும்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் வீட்டுக்குப் போய் மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்திருப்பாள். அவள் காது மந்தம் என்று நம்ப வைத்து அனுப்பினேன்.

பிறகு என் விமர்சனங்கள் தொகுப்பாக வந்தபோது அந்தக் காட்டு மேள வாக்கியத்தையும் வெற்றி முழக்கத்தையும் எடுத்துவிட்டேன். அடிக்குறிப்பு எதுவும் போடவில்லை. அனுமனுக்காகத் தணிக்கை வாரியத்தைச் சாடிய பத்தி அதே விமர்சனத்தில் அப்படியே இருக்கிறது.

2022இல் இரண்டாம் பாகம் வந்தது. இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போனேன். கடலடி மக்கள் பேசுவது யுகடான் மாயா மொழி, இசையில் சங்கும் ஆமை ஓடும் வரும் என்று தெரிந்துவைத்திருந்தேன். ஒவ்வொன்றும் வந்தபோது மனதுக்குள் டிக் அடித்துக்கொண்டேன். படித்திருக்காவிட்டால் அவற்றில் எது என் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்து எது வரும் என்று காத்திருந்ததில் படத்தையும் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாகத்துக்கு நான் எழுதிய விமர்சனத்தைப் படித்த சிலர் என் செவி நுட்பத்தைப் பாராட்டி எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.